டைவ் கம்ப்யூட்டர் வாங்குமுன் அது போடும் கணக்கை அறிதல்

ஸ்கூபா டைவிங் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள், முகமூடிக்கும் துடுப்புக்கும் அடுத்தபடியாகச் சொந்தமாக வாங்க நினைப்பது பெரும்பாலும் மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரைத்தான். கடைக்குப் போனாலும் இணையத்தில் தேடினாலும் வண்ணத்திரை, புளூடூத், திசைகாட்டி, சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டும் வசதி என்று நீண்ட பட்டியல் ஒன்று முன்னால் வந்து நிற்கிறது. அந்தப் பட்டியலின் நடுவே, கருவி அடிப்படையில் அளப்பது நீரின் அழுத்தம், கடந்துபோன நேரம் ஆகிய இரண்டை மட்டுமே என்ற செய்தி கண்ணில் படாமல் போய்விடுகிறது. வெப்பநிலையையும் அது காட்டும். ஆனால் பெரும்பாலான மாதிரிகளில் அந்த எண் கணக்குக்குள் நுழைவதில்லை. உங்கள் இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கிறது என்பதை எந்தக் கருவியும் அளப்பதில்லை. அழுத்தத்தையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு, கற்பனையான ஓர் உடலில் எவ்வளவு கரைந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதை உங்கள் உடலுக்கான எண்ணாகத் திரையில் காட்டுகிறது. ஆகவே அந்தக் கணக்கு எப்படிப்பட்டது, அதை நீருக்கடியில் நம்மால் தெளிவாகப் படிக்க முடிகிறதா, நாம் டைவ் செய்யும் ஊரில் கருவிக்கு மின்சாரம் எப்படிக் கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டபிறகு மற்ற வசதிகளைப் பார்ப்பதே முறை என்பது என் கருத்து.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடுகிறது. மேற்பரப்பில் 1 பார் என்றால் 30 மீட்டரில் 4 பார். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன், உடலுக்கு எந்தப் பயனும் இல்லாமல், திசுக்களில் கரைந்துகொண்டே போகிறது. மேலேறும்போது அது மெதுவாக வெளியேறியாக வேண்டும். அழுத்தம் விரைந்து குறைந்தால் குமிழிகளாகப் பிரிந்து, மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை எதையும் உண்டாக்கக்கூடும். இந்த நோயைத் தடுப்பதற்கான முதல் முறையான கணக்கை பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன் தம் துணை ஆய்வாளர்களோடு சேர்ந்து 1908-இல் வெளியிட்டார். வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்த அந்த ஆய்வு, உடலை வெவ்வேறு வேகத்தில் வாயுவை ஏற்று வெளியிடும் ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்தது. அவற்றின் அரைக்காலங்கள், அதாவது ஒரு திசு பாதியளவு நிறையவோ காலியாகவோ எடுக்கும் நேரங்கள், 5, 10, 20, 40, 75 நிமிடங்கள். இன்று நம் மணிக்கட்டில் ஓடும் நிரல்களில் பெரும்பாலானவை அந்த எண்ணத்தின் வழித்தோன்றல்களே.

நெடுங்காலம் இந்தக் கணக்கு அச்சடித்த அட்டவணைகளாக மட்டுமே டைவர்களின் கைக்கு வந்தது. அட்டவணையின் குறை, அது முழு டைவையும் மிக ஆழமான இடத்திலேயே கழித்ததாக எடுத்துக்கொள்வதுதான். புதுச்சேரிக் கடலில் ஒருவர் 18 மீட்டருக்கு இறங்கிப் பத்து நிமிடம் இருந்துவிட்டு மீதி நேரத்தை 12 மீட்டரில் கழித்தாலும், அட்டவணைக்கு அது முழுக்க முழுக்க 18 மீட்டர் டைவ். சில நொடிகளுக்கொரு முறை ஆழத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டே வரும் கருவி இந்தக் குறையைப் போக்கியது. 1983-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆர்கா எட்ஜ் அவ்வகையில் சந்தையில் வெற்றி பெற்ற முதல் கருவி என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆல்பர்ட் ப்யூல்மான் என்ற மருத்துவர் உருவாக்கிய மாதிரி, பின்னர் பதினாறு திசுக்கள் கொண்ட இசட்எச்எல்-16 என்ற வடிவத்தை அடைந்தது. அதன் மிக மெதுவான திசுவின் அரைக்காலம் 635 நிமிடம். இந்த மாதிரியின் எண்கள் அனைத்தும் வெளிப்படையாக அச்சிடப்பட்டவை என்பதால் எவரும் அதைச் சரிபார்க்கலாம். எந்த நிறுவனமும் அதைத் தன் கருவியில் பயன்படுத்தலாம். கனடாவின் ஷியர்வாட்டர், கார்மின் டிசென்ட் வரிசை, ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவில் ஓடும் ஓஷியானிக்+ செயலி ஆகியவை எல்லாம் ப்யூல்மானையே பின்பற்றுகின்றன.

ப்யூல்மான் மாதிரியில் ஒவ்வொரு திசுவும் தாங்கக்கூடிய உச்ச வாயு அழுத்தம் ஒன்று உண்டு. அதற்கு எம்-மதிப்பு என்று பெயர். அந்த எல்லையைத் தொட்டால் ஒரே நொடியில் நோய் வந்துவிடும் என்றோ, தொடாவிட்டால் வரவே வராது என்றோ பொருளில்லை. ஆபத்து சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகும் ஒரு சரிவில், ஓரிடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே அந்தக் கோட்டுக்கு எத்தனை சதவீதம் வரை நெருங்கலாம் என்பதைப் பயனரே தீர்மானிக்கும் வழியை எரிக் பேக்கர் என்ற பொறியாளர் 1990-களில் வகுத்தார். அதுதான் கிரேடியன்ட் ஃபாக்டர். ஷியர்வாட்டர், கார்மின் இரண்டிலும் பொழுதுபோக்கு டைவர்களுக்கான மூன்று அமைப்புகள் 45/95, 40/85, 35/75 என்று இருக்கும். மேலேறும் வழியில் நைட்ரஜன் வெளியேறக் காத்திருக்கும் இடைநிறுத்தம் தேவைப்படாத சாதாரண டைவில் நம் நேரத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது எண். 95 என்றால், மேற்பரப்பை அடையும்போது எல்லைக்கோட்டின் 95 சதவீதம் வரை போகலாம். 75 என்றால் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாடு நடைமுறையில் எவ்வளவு என்பதை வெளியிடப்பட்ட எண்களைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதாரணக் காற்றைச் சுவாசித்து, அன்றைய முதல் டைவில் 18 மீட்டரிலேயே தங்கினால், 95 என்ற அமைப்பில் ஏறத்தாழ 54 நிமிடமும் 75 என்ற அமைப்பில் ஏறத்தாழ 33 நிமிடமும் இடைநிறுத்தமின்றி இருக்கலாம். 30 மீட்டரில் அந்த எண்கள் ஏறத்தாழ 15, 10 என்று சுருங்கும். மேலேறும் நேரத்தையும் கருவி கணக்கில் எடுத்துக்கொள்வதால் திரையில் ஓரிரு நிமிடம் முன்பின்னாகத் தெரியலாம். ஒப்பிட்டுப் பார்க்க, டைவிங் பயிற்சி தரும் பாடி அமைப்பின் பழைய அட்டவணை இதே ஆழங்களுக்கு 56 நிமிடமும் 20 நிமிடமும் தந்தது.

54-க்கும் 33-க்கும் உள்ள இடைவெளியைக் கண்டு, தாராளமாக நேரம் தரும் கருவியே நல்லது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அவர்கள் சிலிண்டரை மறந்துவிடுகிறார்கள். நம் பக்கத்து டைவ் மையங்களில் பரவலாகக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லிட்டர். 200 பார் நிரப்பி 50 பாரை இருப்பாக வைத்தால், பயன்படுத்தக் கிடைப்பது சுமார் 1,650 லிட்டர் காற்று. புதிய டைவர் ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் என்று கொண்டால், 2.8 பார் அழுத்தமுள்ள 18 மீட்டரில் அது 56 லிட்டராகிவிடும். காற்று ஏறத்தாழ முப்பது நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆக, முதல் சில ஆண்டுகளில், ஆழம் குறைந்த டைவ்களில், கட்டுப்பாடு மிகுந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பதால் அவர் இழப்பது ஏதுமில்லை. கணக்கு உண்மையிலேயே இறுக்கிப் பிடிப்பது 25 மீட்டருக்குக் கீழேயும், ஒரே நாளில் மூன்று நான்கு டைவ்கள் செய்யும்போதும், மூச்சை அளந்து விடும் அனுபவசாலிகளுக்கும்தான்.

எல்லா நிறுவனங்களும் இப்படித் திறந்த கணக்கைத் தருவதில்லை. பின்லாந்தின் சுன்டோ பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவரும் ஆர்ஜிபிஎம் மாதிரி, கரைந்த வாயுவோடு நுண்குமிழிகளையும் கருத்தில் கொள்வதாகச் சொல்கிறது. விரைந்து மேலேறினாலோ, மேற்பரப்பில் போதிய ஓய்வெடுக்காமல் அடுத்த டைவில் இறங்கினாலோ, ஒரே டைவில் மேலும் கீழுமாகப் பலமுறை ஏறி இறங்கினாலோ அது அடுத்தடுத்த டைவ்களின் நேரத்தைக் குறைத்துவிடும். கண்டிப்பானது என்று டைவர்கள் முணுமுணுத்தாலும் அதில் தவறில்லை. எதற்காக எவ்வளவு குறைத்தது என்பதைப் பயனரால் தெரிந்துகொள்ள முடியாது என்பதே என் மனக்குறை. சுன்டோவும் ஓஷன் போன்ற அண்மைய மாதிரியில் ப்யூல்மானுக்கு வந்துவிட்டது. இதற்கு எதிர்ப்பக்கத்தில், ஓஷியானிக் நிறுவனத்தின் பல கருவிகளில் கிடைக்கும் டிஎஸ்ஏடி மாதிரி தாராளமானது என்று பெயர் பெற்றது. அதே கருவிகள் ப்யூல்மானைத் தழுவிய இன்னொரு மாதிரியையும் சேர்த்தே தருகின்றன. கணவனும் மனைவியும், அல்லது எப்போதும் ஒன்றாக டைவ் செய்யும் இரு நண்பர்களும், ஒரே வகைக் கணக்குள்ள கருவிகளை வாங்கி ஒரே அமைப்பில் வைத்துக்கொள்வது இந்த இடத்தில் பெரிதும் உதவும். இல்லாவிட்டால் இரண்டில் எது முதலில் மேலேறச் சொல்கிறதோ அதற்கு இருவருமே கட்டுப்பட்டாக வேண்டும். ஒருவர் கருவியில் இருபது நிமிடம் மீதமிருப்பதைப் பார்த்தபடி மற்றவரோடு மேலேறும்போது, கண்டிப்பான கருவியின்மேல் தேவையற்ற எரிச்சல்தான் வளரும். ஒரே கருவியை இருவர் பகிர்ந்துகொள்வது மட்டும் எந்நிலையிலும் கூடாது. ஒருவர் மற்றவரைவிட இரண்டு மீட்டர் கீழே இருந்தால்கூட அவர் உடலின் கணக்கு வேறு.

விதியை மீறினால் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் வாங்குமுன் கையேட்டில் படித்துவிட வேண்டும். கட்டாய இடைநிறுத்தத்தைச் செய்யாமல் மேலேறிவிட்டால் சுன்டோ உட்படப் பல கருவிகள் 24 அல்லது 48 மணி நேரம் கணக்கிட மறுத்துப் பூட்டிக்கொள்ளும்; ஆழமும் நேரமும் மட்டுமே தெரியும். ஷியர்வாட்டர் பூட்டுவதில்லை, எச்சரித்துவிட்டுக் கணக்கைத் தொடரும். முதல் வகை புதியவருக்கு நல்லது என்பார்கள். எனக்கு அது முழுமையாக ஏற்புடையதல்ல. நீருக்கடியில் சிக்கலில் இருப்பவருக்குத்தான் தகவல் அதிகம் தேவைப்படுகிறது.

விளம்பரங்களில் ஈஎன் 13319 என்ற ஐரோப்பியத் தரச் சான்றிதழ் பெருமையோடு குறிப்பிடப்படும். அது ஆழமானிகளுக்கும் ஆழத்தையும் நேரத்தையும் சேர்த்து அளக்கும் கருவிகளுக்கும் உரிய தரம். அழுத்த அளவு துல்லியமா, கடிகாரம் சரியா, உறை நீர் புகாமல் தாங்குமா என்பவற்றுக்கு அந்தச் சான்று உண்மையான மதிப்புடையது. ஆனால் டெகோ கணக்கு, அதாவது நைட்ரஜன் வெளியேறுவதற்கான கணக்கு, சார்ந்த தகவல்களைத் தன் வரம்பிலிருந்து அந்தத் தரம் வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. சான்றிதழ் இருப்பதால் கருவி காட்டும் நிமிடங்களுக்கும் ஐரோப்பிய முத்திரை விழுந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. கணக்கிலேயே பிழை நேர்ந்த வரலாறும் உண்டு: ஆக்சிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸுக்கென யூவாடெக் நிறுவனம் செய்த அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் கருவிகளின் ஒரு தொகுதி, டைவருக்குக் கரையில் கிடைப்பது சாதாரணக் காற்று என்பதை விட்டுவிட்டு, சிலிண்டரிலிருந்த கலவையையே அவர் கரையிலும் சுவாசிப்பதாகக் கணக்கிட்டதால், 2003-இல் திரும்பப் பெறப்பட்டது. பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் அதன் மென்பொருள் பதிப்பை விசாரிப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கணக்கை விட்டுத் திரைக்கு வருவோம். பணத்தைக் கூடுதலாகச் செலவிட வேண்டிய இடம் ஏதேனும் உண்டென்றால் அது இதுதான். கலங்கிய நீரில், முகமூடிக் கண்ணாடி வழியே, நீரோட்டத்தில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி, மீதமுள்ள நேரம் எது, ஆழம் எது, கடந்த நேரம் எது என்பதை ஒரே பார்வையில் பிரித்தறிய முடிய வேண்டும். கருப்பு வெள்ளை எல்சிடி திரை விலை குறைவு, மின்சாரம் குடிப்பதும் குறைவு, நண்பகல் வெயிலில் ஆழம் குறைந்த நீரில் நன்றாகத் தெரியும். இருண்ட இடத்தில் பொத்தானை அழுத்தி விளக்கை எரிய வைக்க வேண்டும். ஒளிரும் வண்ணத்திரை எங்கும் தெளிவாகத் தெரிவதோடு, எல்லை நெருங்கும்போது எண்ணை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றிக் காட்டும். நாற்பது வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்குக் கைக்கடிகார அளவுத் திரை ஒத்துவராது. அவர்கள் அலங்காரத்தைப் பார்க்காமல் ஷியர்வாட்டர் பெரெக்ரின் போன்ற, உள்ளங்கையில் பாதி அளவுள்ள கருவியை எடுப்பது நல்லது. கடையில் குழல்விளக்கின் கீழ் பார்த்து எந்தத் திரையையும் மதிப்பிட முடியாது. டைவ் மையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மாதிரிகளில் இரண்டு மூன்றைக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

பேட்டரி விஷயத்தில் நகரத்தில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு தீவில் போய்த் தோற்றுவிடும். கிரெஸ்ஸி லியோனார்டோ, மாரெஸ் பக் ப்ரோ, சுன்டோ சூப் நோவோ போன்ற தொடக்கநிலைக் கருவிகள் நாணய வடிவச் சிறு பேட்டரியில் நீண்ட காலம் ஓடும்; பயனரே மாற்றலாம். மாற்றும்போது ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் நீர் புகுந்துவிடும் என்பதால், வளையத்தையும் பேட்டரியையும் சேர்த்தே கையிருப்பில் வைத்திருப்பது பழக்கமாக வேண்டும். இவ்வகைப் பேட்டரி எல்லா ஊரிலும் கிடைக்காது. ஒளிரும் திரையுள்ள கருவிகளில் பெரும்பாலானவை சார்ஜ் செய்யப்படுபவை. பெரெக்ரின் முழு சார்ஜில் ஏறத்தாழ 30 மணி நேரம் ஓடுவதால் சில நாள் டைவிங்குக்குத் தாங்கும். ஸ்மார்ட் வாட்ச் வகைகளில் பலவற்றை ஒவ்வோர் இரவும் சார்ஜில் போட வேண்டியிருக்கும். எங்கும் கிடைக்கும் சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும் ஷியர்வாட்டர் பெர்டிக்ஸை அனுபவசாலிகள் விரும்புவதில் ஆச்சரியமில்லை.

சிலிண்டரின் அழுத்தத்தை ட்ரான்ஸ்மிட்டர் வழியாக மணிக்கட்டில் காட்டும் வசதி கண்கவர்வது. விலையையும் கணிசமாக ஏற்றிவிடும். சிலிண்டரோடு இணையும் ரெகுலேட்டரின் முதல் நிலையில் பொருத்தும் ட்ரான்ஸ்மிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரமே எட்டும் வானொலி அலைகளில் பேசுகிறது. கார்மின் இதற்கு ஒலியலைகளைக் கையாண்டு தூரத்தைக் கூட்டியிருக்கிறது. ஒவ்வொரு டைவிலும் நாம் எவ்வளவு காற்று செலவழிக்கிறோம் என்று பிறகு பதிவேட்டில் பார்க்க முடிவது உண்மையான பயன். ஆனால் ட்ரான்ஸ்மிட்டருக்கும் ஒரு பேட்டரி உண்டு, இணைப்பும் அறுந்துபோவதுண்டு. குழாயில் தொங்கும் பழைய பிரஷர் கேஜைக் கழற்றிவிடாமல் வைத்திருப்பவர்களுக்கு அப்போது டைவை நிறுத்த வேண்டிய அவசியம் வராது. முதல் கருவியில் இந்த வசதி இல்லாவிட்டால் குறை ஒன்றுமில்லை.

நைட்ராக்ஸ் வசதி இல்லாத கருவி இன்று அரிது. அது இருக்க வேண்டும் என்பதில் ஐயமுமில்லை. 32 சதவீத ஆக்சிஜன் கலவையில் 30 மீட்டரில் இருப்பது, நைட்ரஜன் கணக்கில், காற்றைச் சுவாசித்து ஏறத்தாழ 24 மீட்டரில் இருப்பதற்குச் சமம். மறுபுறம் ஆக்சிஜனின் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற வழக்கமான வரம்பின்படி அந்தக் கலவையோடு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. கருவி இவ்விரண்டையும் கவனிக்கும், நாம் கலவையைச் சரியாக உள்ளிட்டிருந்தால். சிலிண்டரில் காற்றை வைத்துக்கொண்டு கருவியில் 32 என்று விட்டுவிடுவது, கணக்கை நம் கையாலேயே பொய்யாக்குவது. ஆகவே கலவையை மாற்ற எத்தனை பொத்தான்களை எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கிறது என்பதைக் கடையிலேயே செய்து பார்ப்பது நன்று. ஒற்றைப் பொத்தானில் எல்லாவற்றையும் அடக்கும் கருவிகளில், ஒருமுறை தவறவிட்டால் மொத்தச் சுற்றையும் மீண்டும் வர வேண்டும்.

பல வாயுக்கள், ட்ரைமிக்ஸ் (ஹீலியம் சேர்த்த கலவை), ரீப்ரீதர் (வெளிவிடும் மூச்சைச் சுத்திகரித்து மீண்டும் தரும் கருவி) போன்ற வசதிகளுக்காகப் பொழுதுபோக்கு டைவர் பணம் கொடுக்கத் தேவையில்லை. அவருடைய எல்லை 40 மீட்டர். மாலத்தீவில் சட்டப்படியே 30 மீட்டர்தான். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் பலருக்கும் கனவு. அது 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. அதற்குரிய பயிற்சியை எடுக்கும் நாளில் அதற்குரிய கருவியை வாங்கிக்கொள்ளலாம். ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 40 மீட்டர் வரைக்கும் என்றே வடிவமைக்கப்பட்டது. விடுமுறைக்கு ஆண்டில் ஒருமுறை 18 மீட்டர் டைவ்களை மட்டும் செய்பவருக்கு, ஏற்கெனவே கையில் கட்டியிருக்கும் கடிகாரமே கருவியாவது வசதிதான். ஆண்டு முழுவதும் டைவ் செய்பவருக்கு, ஈரக் கையுறையோடும் அழுத்தக்கூடிய பெரிய பொத்தான்களும் நீருக்கடியில் வேறு வேலை எதுவும் இல்லாத கருவியும் மேல்.

பட்டை, வெட்சூட்டின் தடிமனுக்கு மேலும் சுற்றிவரும் நீளம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஆழத்தில் வெட்சூட் அமுங்கும்போது பட்டை தளர்ந்து சுழலும். நன்னீர், உப்புநீர் என்ற அமைப்பு ஆழ எண்ணில் ஏறத்தாழ மூன்று சதவீத வேறுபாட்டை மட்டுமே உண்டாக்கும்; டெகோ கணக்கு அழுத்தத்தைப் பின்பற்றுவதால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. உத்தரவாதமும் பழுதுபார்ப்பும் எந்த ஊரில் கிடைக்கும் என்பதை, வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைப்பவர்கள் விலையோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

கடைசியாக, திரையில் தோன்றும் சிறிய விமானக் குறி. சில கருவிகள் கடைசி டைவுக்குப் பின் திசுக்களின் நிலையைக் கணக்கிட்டு, விமானம் ஏறுமுன் காத்திருக்க வேண்டிய நேரத்தைக் காட்டும். வேறு சில, எப்படிப்பட்ட டைவாயினும் 24 மணி நேரத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணும். நம் கருவி எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். டைவர்களின் பாதுகாப்புக்காக இயங்கும் டான் அமைப்பின் வழிகாட்டல், இடைநிறுத்தம் தேவைப்படாத ஒற்றை டைவுக்குப் பின் 12 மணி நேரமும், பல டைவ்களுக்கோ பல நாள் டைவிங்குக்கோ பின் 18 மணி நேரமும் காத்திருக்கச் சொல்கிறது. அந்தமானில் பல நாள் டைவ் செய்துவிட்டுக் கடைசி டைவை நண்பகல் 1 மணிக்கு முடிப்பவருக்கு, மறுநாள் காலை 6:30 மணிக்குச் சென்னை விமானம் என்றால் அரை மணி நேரம் குறைகிறது. இந்த வழிகாட்டல் 610 முதல் 2,440 மீட்டர் வரையிலான உயரத்துக்குச் சமமான காற்றழுத்தத்தைக் கருதி எழுதப்பட்டது. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,870 மீட்டர். திருகோணமலையில் காலையில் டைவ் செய்துவிட்டு அன்று மாலையே நுவரெலியாவுக்கு வண்டி ஏறுபவருக்கும், புதுச்சேரியிலிருந்து இரவோடு இரவாக ஊட்டிக்குப் புறப்படுபவருக்கும் அந்த விமானக் குறி அப்படியே பொருந்தும்.